சனி சுற்றும் லேப்டாப்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜோசியர் 'காலக்கணிதச் செம்மல்' சுயம்புலிங்கம் லேப்டாப்பைத் திறந்தால், இராஜபாளையத்தில் மோட்டார் புகையும். பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி முதலாளிகள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

இதுவரை யார் மோட்டார் என்றைக்கு எரிந்தது என்று கேட்டு லேப்டாப்பில் ஏற்றுவார். திரையில் சனி கிரகம் சுற்றும். அடுத்த தேதி வந்து விழும். அன்றைக்கு யாராவது ஒருவருடைய மோட்டார் எரியவும் செய்யும். அப்புறமென்ன, வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. பஞ்சுப் பொதியை நாலு இடத்தில் குத்திப் பார்த்து வாங்குகிறவர்கள், ஜோசியத்தை மட்டும் பிரிக்காமலே வாங்கினார்கள்.

தனுஷ்கோடியின் மோட்டார் மூன்று தடவை எரிந்துவிட்டது. செம்மல் காரணம் கண்டுபிடித்தார்.

"புதுசா வந்த மருமக ராசி. கொஞ்ச காலம் பிறந்த வீட்டுல இருக்கட்டும்."

மருமகள் சண்முகத்தாய் அழவில்லை. "போறேன் மாமா. அதுக்கு முன்ன நானும் சாமிகிட்ட ஒண்ணு கேட்டுக்கிடுதேன்."

மாமனாரோடு போய்க் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தாள்.

"எங்க சித்தி யூனிட்டும் இராஜபாளையம்தான், சாமி. அங்க மோட்டார் எப்போ எரியும்?"

சனி சுற்றியது. "புதன்கிழமை சாயங்காலம்."

"உறுதியாவா?"

"சனி பொய் சொல்ல மாட்டாரும்மா."

"சித்தி கையால துணி மடிச்சுப் பாக்கெட் போடுதாவ. அங்க மோட்டாரே கிடையாது. சனி எதை எரிப்பாரு?"

சிரிக்கலாமா என்று கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. சண்முகத்தாய் கையோடு கொண்டுவந்த செய்தித்தாளை விரித்தாள். புதன்கிழமை பராமரிப்புப் பணி, மாலை வரை இராஜபாளையத்தில் மின்தடை.

"மாசா மாசம் இதைப் பாத்துத்தான் தேதி சொல்லுதாரு. கரண்ட் வந்ததும் தறி ஓடணும்னு நீங்க அம்புட்டுப் பேரும் ஸ்டார்ட்டர் பட்டன் அமுங்கியே கிடக்கக் குச்சியச் செருகி வைக்கீய. எல்லா மோட்டாரும் ஒண்ணாக் கிளம்புனா வோல்டேஜ் தாங்குமா? புதன்கிழமை குச்சிய எடுங்க. செத்த நேரம் கழிச்சு ஒவ்வொண்ணாப் போடுங்க. எரிஞ்சா நானே பஸ் ஏறுதேன்."

புதன்கிழமை குச்சியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கரண்ட் வந்தது; ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒரு மோட்டாரும் புகையவில்லை. மறுநாள் செம்மலின் வாசலில் பூட்டு. கிளம்ப வேண்டிய தேதியை மட்டும் சரியாகக் கணித்துவிட்டார்.

தனுஷ்கோடி தறிக் கொட்டகையில் தேடினார். "ஏட்டி, அந்தக் குச்சிய எங்க வச்ச?"

"அடுப்புல வச்சிட்டேன், மாமா."

மோட்டாரை ஆனில் வைத்து மூளையை ஆஃபில் வைத்த புண்ணியவான்களே, இனிமேலாவது மாற்றிப் போட்டுப் பாருங்கள். மூளை அவ்வளவு சுலபத்தில் எரிந்துவிடாது.