உச்சந்தலைக்கு ஒரு ஹீட்டர்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வருடம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு சாதுவாக இருப்போம். வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் போதும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் யாரையும் கூப்பிட விடமாட்டான்.

எனக்கு அந்த வியாதி முற்றியது நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், எங்கள் வீட்டுக் கராஜில்.

என் மனைவி வசந்தி பரதநாட்டிய டீச்சர். பக்கத்து சர்ச்சின் ஹாலை வாடகைக்கு எடுத்து, இரண்டு குழந்தைகளில் ஆரம்பித்துப் பதினோரு வருடத்தில் பன்னிரண்டு பேராக வளர்த்திருந்தாள். (வருடத்துக்கு ஒருவர்கூடச் சேரவில்லை என்று நான் ஒருமுறை கணக்குப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு ரசம் மட்டும்தான்.) அந்த அக்டோபரில் சர்ச்காரர்கள் கூரையைப் பிரித்து வேலை பார்க்கப்போவதாகவும், வசந்த காலம் வரை ஹால் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு கார்களையும் வெளியே நிறுத்திவிட்டு, வகுப்பை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தோம்.

நவம்பர் வரை பிரச்சினை இல்லை. அதன்பிறகு நியூஜெர்சி தன் புத்தியைக் காட்டியது. குழந்தைகள் ஜாக்கெட்டோடு ஆடினார்கள். குளிரில் விரல் விறைத்து முத்திரை பிடிக்க முடியாமல், மயிலும் மானும் ஒரே மாதிரி இருந்தன. பக்கத்து ஊரான எடிசனில் இன்னொரு நடன வகுப்பு இருந்தது. மர மேடை, சுவர் முழுக்கக் கண்ணாடி, பெற்றோர் உட்காரச் சோபா. மூன்று அம்மாக்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகத் தகவல் கிடைத்தது. ஜனவரி கடைசியில் சலங்கை பூஜை. குழந்தைகள் முதல்முறையாகக் காலில் சலங்கை கட்டும் விழா. அதுவரை வகுப்பு தாக்குப்பிடிக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

"இந்த ஒரு விண்ட்டரைத் தாண்டிட்டா போதுங்க. நல்ல ஹீட்டிங் ஆளா பார்த்துக் கூப்பிடுங்க" என்றாள் வசந்தி.

"ஆள் எதுக்கு? நான் யாரு?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்க ஒரு முறை பார்த்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். எக்ஸெல்லில் ஒரு பட்டியல் போட்டேன். கெரோசின் ஹீட்டர், கேஸ் ஹீட்டர், கூரையில் தொங்கும் எலக்ட்ரிக் ஃபேன் ஹீட்டர், இன்ஃப்ராரெட் ஹீட்டர், சுவரில் மாட்டும் ஏசி மாதிரியான ஒன்று, தரைக்கு அடியில் போடும் ஹீட்டிங் என்று ஆறு வேட்பாளர்கள். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு கட்டங்களில் மதிப்பெண். எவ்வளவு சீக்கிரம் சூடாகும், வாரண்டி எத்தனை வருடம், ரிமோட் உண்டா, ஆபத்து உண்டா, பார்க்க லட்சணமாக இருக்குமா. வாட்ஸாப் குழுவில் கல்லூரி நண்பர்களிடமும் கருத்துக் கேட்டேன். குளிரே தெரியாத கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நண்பன், "கராஜுக்கு ஹீட்டரா? எதுக்குடா?" என்று கேட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரஞ்சு மரத்தடியில் நிற்கும் படத்தை அனுப்பினான். அவனை அன்றோடு தலைமுழுகினேன்.

கெரோசினையும் கேஸையும் வசந்தி ஒரே கேள்வியில் தள்ளினாள். "குழந்தைங்க இருக்கிற எடத்துல நெருப்பா?" இன்ஃப்ராரெட் காற்றைச் சூடாக்காது, எதிரே இருக்கும் பொருளைத்தான் சூடாக்கும் என்று படித்ததால் அதைத் தோற்கடித்தேன். தரை ஹீட்டிங்குக்கு 'சீக்கிரம் சூடாகும்' கட்டத்தில் முட்டை போட்டேன். கடைசியில் வென்றது கூரையில் தொங்கும் எலக்ட்ரிக் ஃபேன் ஹீட்டர். ஆளுயரப் பெட்டியில் வந்து இறங்கியது.

மாட்டிக்கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி ஒரு கேள்வி கேட்டார்.

"இது சாமான்களுக்கா, ஆட்களுக்கா?"

"நடனத்துக்கு" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு திருகாணியை முடுக்கினார். நல்ல மனிதர்கள் சில நேரம் ரொம்ப நாகரிகமாக இருந்து நம்மைக் கெடுத்துவிடுகிறார்கள்.

திறப்பு விழாவுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாப் பெற்றோரையும் அழைத்தேன். காலை ஆறு மணியிலிருந்தே ஹீட்டரை ஓடவிட்டேன். சுவரில் என் மூக்குக்கு நேராக மாட்டியிருந்த தெர்மாமீட்டர் எழுபத்திரண்டு டிகிரி காட்டியது. (ஃபாரன்ஹீட். ஊரில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம்.) கூட்டம் சேர்ந்ததும் ஒரு நிமிடம் அதை நிறுத்திவிட்டு, ஏணியில் ஏறிச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மிச்சக் குங்குமத் தட்டை ஏணியின் உச்சிப் படியிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். "பேரன்ட்ஸ் எல்லாருக்கும் வணக்கம்" என்று ஒரு சின்ன உரை. அதன்பிறகு ரிமோட்டை உயர்த்திப் பிடித்து, ஃபுல் ஸ்பீடில் அமுக்கினேன்.

தட்டு ஹீட்டருக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு தட்டுக் குங்குமமும் காற்றில் எழுந்து, முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு நின்ற டாக்டர் ஜெயசீலன் மேல் போய் இறங்கியது. யாழ்ப்பாணத்துக்காரர். எலும்பு டாக்டர். எடிசனுக்குப் போய்ப் பார்த்துவந்த மூன்று குடும்பங்களில் முதல் குடும்பம் அவருடையது. கண்ணாடியைக் கழற்றியபோது கண்களைச் சுற்றி இரண்டு வட்டம் மட்டும் அவர் நிறத்தில் இருந்தது.

"பரவாயில்லை அண்ணை" என்றார். தும்மினார்.

வசந்தி நிலைமையைச் சமாளிக்க உடனே வகுப்பை ஆரம்பித்தாள். தாளக் கட்டையைத் தட்டித் "தெய்யா தெய்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. ஹீட்டர் நூவர்க் ஏர்போர்ட்டில் கிளம்பப்போகிற விமானம் போல இரைந்துகொண்டிருந்தது. ஆனாலும் குழந்தைகள் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். ஆட ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை. வசந்தி முதல் காலத்தில் நிதானமாகத் தட்ட, பன்னிரண்டு பேரும் மூன்றாம் காலத்தில் பறந்தார்கள். ஒரு கால் தரையில் பட்டதும் மறு நொடியே மேலே. ஓர் அம்மா, "என்னமா ஸ்பீடு!" என்று கை தட்டினார். நானும் தட்டினேன். விசில்கூட அடிக்க நினைத்தேன்.

என் மகள் நிலாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. முதல் ஆளாக ஆட்டத்தை நிறுத்தினாள்.

"அப்பா, இட்ஸ் நாட் டான்ஸ். மை ஃபீட் ஆர் ஃப்ரீஸிங்!"

அடுத்த நிமிடம் பன்னிரண்டு பேரும் ஓடிப்போய் அவரவர் அம்மா செருப்பின் மேல் ஏறி நின்றார்கள். ஆறு வயதுக் குழந்தை ஒன்று வாய்விட்டு அழுதது. மேலே தலைக்கு மே மாதம், கீழே காலுக்கு டிசம்பர். சூடான காற்று மேலே போகும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். கல்லூரியில் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் எனக்கு இரண்டு முறை அரியர். அன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் மூன்றாவது.

வசந்தி சோபாக்களைத் தள்ளிவிட்டு, மீதி வகுப்பை வீட்டு ஹாலில் நெருக்கியடித்து நடத்தி முடித்தாள். எல்லாரும் போன பிறகு கராஜுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"பதினோரு வருஷம்ங்க" என்றாள். "எல்லாம் பார்த்தீங்க. இந்தப் புள்ளைங்க வெறுங்கால்ல ஆடும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?"

தோணவில்லை. என் பட்டியலில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன, காலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. எப்படி இருக்கும்? நம் வீடுகளில் கராஜ் என்பது செருப்பு விடுகிற இடம். வீட்டுக்குள் ஷூவோடு நுழையும் வெள்ளைக்காரரைக்கூடக் கெஞ்சிக் கழற்ற வைக்கிற நான், கராஜில் காலை வைக்கும்போது மட்டும் செருப்பை மாட்டிக்கொள்வேன். அந்த வீட்டில் குடியிருந்த ஒன்பது வருடத்தில் கராஜ் தரையில் ஒருநாள்கூட வெறுங்காலோடு நின்றதில்லை.

"கழட்டுங்க" என்றாள் வசந்தி.

கழற்றினேன்.

"அரைமண்டி."

"வசந்தி..."

"ஒக்காருங்க."

முழங்காலை மடித்து, என் தொப்பை அனுமதித்த அளவுக்கு உட்கார்ந்தேன். அவள் கட்டையை எடுத்துத் தட்டினாள். எட்டு எண்ணிக்கை ஆட வேண்டும். நாலாவது தட்டில் பாதம் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தேன். ஆறாவதில் என்னையறியாமல் நானும் மூன்றாம் காலத்துக்குப் போய்விட்டேன். அவளுக்குக் கோபத்தின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்தது அழுகைதான், வலியிலா வெட்கத்திலா என்று தெரியவில்லை. அவள் கட்டியதை நான் என் கெட்டிக்காரத்தனத்தால் கலைக்க இருந்தேன் என்பது மட்டும் காலிலிருந்து தலை வரை உறைத்தது.

மறுநாள் டாக்டர் ஜெயசீலனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "உங்க பொண்ணு அனிதாவை எடிசன்ல சேர்க்கிறதா இருந்தா நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம் டாக்டர்" என்றேன்.

அவர் சொன்னார்: "குளிர் ஒரு பக்கம் கிடக்கட்டும் அண்ணை. எனக்குப் பயம் அந்தச் சீமெந்துத் தரைதான். அதில குதிச்சுக் குதிச்சுப் பிள்ளையளின்ர முழங்கால் என்னத்துக்கு ஆகும்? அங்கே மரத்தரை. அதுதான் போய்ப் பார்த்தனாங்கள்."

எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. குளிரும் தரையில்தான், முழங்காலும் தரையில்தான். நான் மூன்று வாரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை வாங்கி மூலையில் கிடந்த ஆறாவது வேட்பாளரான தரை ஹீட்டிங்கைத் தேடிப்போய்க் காலில் விழுந்தேன்.

இந்த முறை நான் தனியாக எதையும் செய்யவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அம்மாக்கள் உள்ளே இருப்பார்கள், அப்பாக்கள் வெளியே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு லேப்டாப்போடு ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொரு கார்க் கண்ணாடியாகத் தட்டினேன். ஏழு பேர் இறங்கி வந்தார்கள். ஏழு பேரும் இன்ஜினியர்கள். ரம்பம் பிடித்தவர் எவரும் இல்லை. அப்போது எட்டாவது காரிலிருந்து ஜெயசீலன் இறங்கினார்.

"நான் வெட்டுறன். எலும்பு அறுக்கிற கைதானே" என்றார்.

அவர் வெட்டிய பிளைவுட் கோடு போட்டது போல நேராக இருந்தது. சிமென்ட் மேல் குளிரைத் தடுக்கும் தெர்மாகோல் பலகை, அதன்மேல் பிளைவுட், அதன்மேல் பாய் போல விரிகிற ஹீட்டிங் ஷீட், எல்லாவற்றுக்கும் மேல் மரத்தரை. வயரிங்குக்கு அதே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். வந்தவர் தரையைப் பார்த்துவிட்டு, "இப்போது சரி" என்று இரண்டே வார்த்தையில் எனக்குப் பட்டம் கொடுத்தார். அந்தப் பாழாய்ப்போன ஹீட்டரையும் விடவில்லை. வகுப்புக்கு முன்னால் அரைமணி ஓடிக் காற்றின் குளிரை எடுத்துவிட்டு, கட்டை தட்டத் தொடங்கியதும் வாயை மூடிக்கொள்ளும். மூன்று வார இறுதிகளில் வேலை முடிந்தது.

சலங்கை பூஜை அன்று வெளியே முழங்கால் வரை பனி. உள்ளே பன்னிரண்டு குழந்தைகள், இருபத்துநான்கு வெறுங்கால்கள். வசந்தி முதல் காலத்தில் தட்டினாள், அவர்களும் முதல் காலத்திலேயே ஆடினார்கள். மரத்தரையில் அத்தனை பாதங்களும் சலங்கையும் ஒன்றாக விழுந்த சத்தத்தில் கராஜ் கதவே அதிர்ந்தது. வசந்தி கட்டையை நிறுத்தாமல் என்னைத் தேடி ஒரு பார்வை பார்த்தாள். அதற்காக இன்னும் நூறு பிளைவுட் சுமப்பேன். எங்கள் வகுப்பை விட்டு ஒரு குழந்தையும் போகவில்லை. ஏப்ரலில் சர்ச் ஹால் தயார் என்று சொன்னபோது, பெற்றோர் ஒருவரும் அங்கே திரும்பிப் போகச் சம்மதிக்கவில்லை. இன்றைக்கு முப்பத்தோரு பேர் கற்றுக்கொள்கிறார்கள். என் கார் இன்றுவரை வெளியேதான் நிற்கிறது.

அப்பாக்களும் இப்போது காரில் உட்காருவதில்லை. சாக்ஸைக் கழற்றிவிட்டுக் கராஜ் ஓரத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்கிறார்கள். அதில் இருவர் குறட்டை விடுகிறார்கள். அவர்களைத் தாளத்துக்குக் குறட்டை விடப் பழக்க முடியுமா என்று வசந்தி கேட்கிறாள்.

நிலா இப்போது டெக்சாஸில் வேலையில் இருக்கிறாள். போன மாதம் அவளும் மாப்பிள்ளையும் முதல் வீடு வாங்கப் போனார்கள். போனில் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். ஃபர்னஸ் எத்தனை வருடம் பழசு, இன்சுலேஷன் எப்படி, ஒரு எக்ஸெல் அனுப்பட்டுமா?

"வேண்டாம்ப்பா. ஷூவைக் கழட்டிட்டு எல்லா ரூம்லயும் நின்னு பாத்துட்டேன். கராஜ்லயும்" என்றாள்.

வீடு காட்ட வந்த ஏஜென்ட் அம்மாள் இவளை ஒரு மாதிரிப் பார்த்தாராம். மாப்பிள்ளைதான், "எங்க மாமனார் ஒரு ஹீட்டிங் எக்ஸ்பர்ட்" என்று விளக்கம் சொன்னாராம்.