பின்னறை ரேடியேட்டர்

இந்த வருஷம் மைத்துனி வீட்டு விருந்துக்குப் போய்த் தொலைவது என்று கிளிஃபர்ட் முடிவு கட்டிவிட்டார். பாசத்தால் அல்ல, முழங்கால் வலியால்.

ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டுகிறவர் கிளிஃபர்ட். வாரத்தில் ஆறு நாள் ஊரை மேட்டில் ஏற்றிப் பள்ளத்தில் இறக்குவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருடையது. அந்த நாளில் ஒரு நாற்காலி, ஒரு கோப்பை டீ, பேச யாருமில்லாத வீடு, இவ்வளவு கிடைத்தால் போதும் அந்த மனுஷனுக்கு. ஆனால் நவம்பர் வந்தால் ஒரு ஞாயிறு பறிபோகும். மனைவி மேவிஸின் அக்கா எனிட், ஹாரகேட்டிலிருந்து விருந்துக்கு அழைப்பாள். எனிட் இறைச்சியை விட்டவள். கொட்டைகளையெல்லாம் அரைத்து, செங்கல் மாதிரி சுட்டு எடுத்து, "நல்லா சாப்பிடுங்க" என்பாள். அதை விழுங்கி முடித்ததும் அவள் கணவர் ரெஜ் திரை கட்டிப் படம் காட்டுவார். எல்லாப் படத்திலும் அவர் ஊர் சுற்றும் கேரவன் வீட்டு வண்டிதான் நிற்கும். பின்னால் ஊர் மட்டும் மாறும்.

இரண்டு முறை போய் அனுபவித்தவர், மூன்றாம் முறை தப்பிக்க வழி கண்டுபிடித்தார். அந்த வழிதான், வெந்நீர் ஓடிப் பின்னறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்.

வீட்டைச் சுற்றி வரும் வெந்நீருக்கும் பந்தியில் வரும் பாயசத்துக்கும் ஒரே குணம். பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர் வயிறு முட்ட வாங்கிக்கொள்ளும். கடைசி இலைக்குக் கரண்டிச் சத்தம்தான் கேட்கும். அதனால் முன்னால் இருப்பவற்றின் வால்வைக் கொஞ்சம் இறுக்கி, கடைசியில் இருப்பதைத் தாராளமாகத் திறந்து, எல்லா அறைக்கும் சமமாகச் சூடு போகும்படி செய்ய வேண்டும். ஒன்றைத் திருகினால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். தொட்டுப் பார்த்து, காத்திருந்து, மறுபடி திருக வேண்டும். முழுசாக ஒரு நாள் வேலை. ஆனால் ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் பல வருஷம் தாங்கும். இந்தக் கடைசி விவரத்தை மட்டும் கிளிஃபர்ட் மனைவியிடம் சொன்னதே இல்லை.

விருந்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மேவிஸ் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பின்னறையில் மண்டியிடுவார். வால்வின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சின்ன ஸ்பேனரால் இறுக்கி அடைத்துவிடுவார். அந்த வால்வை மூடினால்தான் அவருக்கு வாழ்வு. மறுநாள் மேவிஸ் வந்து பின்னறை குளிருகிறது என்பாள். கிளிஃபர்ட் பெரிதாக ஒரு பெருமூச்சு விடுவார். "நாளைக்கு முழுக்க நான் இதோட மல்லுக்கட்டணும். வீட்டுல ஆள் நடமாட்டம் கூடாது. கதவு தெறந்து மூடினாக் கூட கணக்கு தப்பிடும். நீ மட்டும் போயிட்டு வா" என்பார். அவள் ரயிலேறியதும் வால்வைத் திறந்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சாயங்காலம் வரை தூங்குவார்.

இந்த வருஷம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை குனிந்தவர் பாதி வழியில் அப்படியே நின்று, கட்டிலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி நிமிர்ந்தார். சரி, விதி விட்ட வழி என்று ஸ்பேனரைப் பெட்டியில் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலை நல்ல சட்டையை எடுத்து வைத்துவிட்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் போல டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது மேவிஸ் வந்தாள்.

"ஏங்க, பின்னறை ஐஸா கெடக்கு."

"என்னது?"

"ரேடியேட்டர்தான். தொட்டுப் பாருங்க, செத்த மீன் மாதிரி இருக்கு."

போய்த் தொட்டுப் பார்த்தார். செத்துத்தான் கிடந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷத்தில் அவருக்கு நாக்கு குழறிவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"நீங்க பண்ணீங்கன்னு யாரு சொன்னா? நவம்பர் வந்தா அது மக்கர் பண்ணும். வருஷா வருஷம் பாக்கறதுதானே."

"இந்த வருஷம் நானும் வரலாம்னு சட்டையெல்லாம் எடுத்து வெச்சேன்..."

"எப்படி வருவீங்க? ஆள் நடமாட்டம் கூடாது, கதவைத் தெறக்கக் கூடாது. உங்க வாயால சொன்னதுதானே?"

"ரெஜ் வருத்தப்படுவாரே."

"படத்தான் செய்வார். புதுசா படமெல்லாம் எடுத்து வெச்சிருக்காராம். நான் பக்குவமா சொல்லிக்கறேன். உங்களுக்குச் சாப்பிட பன்னிக்கறி வெச்சு சுட்ட பை அலமாரியில இருக்கு. நான் வர்றதுக்குள்ள அறை சூடாகி இருக்கணும், ஆமா!"

ஞாயிறு காலை அவள் கிளம்பியதும் கிளிஃபர்ட் கட்டிலைப் பிடித்துத் தவணை முறையில் மண்டியிட்டார். வால்வு எப்படியோ இறுகிக் கிடந்தது. அதைத் திறந்துவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான். ஆனால் பெட்டியில் ஸ்பேனரைக் காணோம். சமையலறை இழுப்பறையில் இல்லை. தொட்டிக்கு அடியில் இல்லை. காரிலும் இல்லை. கட்டிங் பிளேயரால் திருகிப் பார்த்தார். அது வழுக்கி, விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி, சோபாவைப் புரட்டி, குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, மத்தியானம் தாண்டியபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் தனியாக இருக்க வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிறு. அதையும் தரையில் தவழ்ந்தே கழித்தாகிவிட்டது.

ஃபோன் அடித்தது.

"சகல, நான் ரெஜ். விருந்தெல்லாம் முடிஞ்சுதா?"

"எந்த விருந்து?"

"உங்க வீட்டு விருந்துதான். எனிட் கண்ணாடியை இங்கயே விட்டுட்டா. அவகிட்ட ஃபோனைக் குடு."

கிளிஃபர்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுலயா?"

"என்னப்பா, வருஷா வருஷம் அங்கதானே! எனக்குத்தான் வர முடியறதில்ல. குளிர் முத்தறதுக்குள்ள கேரவன் குழாய்ல இருக்கற தண்ணியெல்லாம் வடிச்சாகணும், இல்லாட்டி உறைஞ்சு வெடிச்சிடும். ஒரு நாள் முழுக்க ஆயிடும்."

"ஒரு நாளா?"

ரெஜ் குரலைத் தணித்துக்கொண்டார். "உண்மையைச் சொன்னா கோச்சுக்காத. டீ போடற நேரந்தான். அங்க வந்தா நீ உக்கார வெச்சு பஸ் கதையா சொல்லுவியாம்னு எனிட் சொன்னா."

"நானா?"

"அப்படித்தான் சொன்னா."

"அவங்க ரெண்டு பேரும் இங்க இல்ல, ரெஜ்."

"இங்கயும் இல்லையே, சகல."

இருவரும் ஃபோனை வைத்தார்கள்.

இருட்டியதும் மேவிஸ் வந்தாள். கோட்டில் வினிகர் வாசனை. ஷூவைக் கழற்றியபோது மணல் கொட்டியது. ஹாரகேட்டில் கடல் கிடையாது. கிளிஃபர்ட் அத்தனை நேரம் வைத்திருந்த கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைக்கு விடுவதில்லை.

"ரெஜ் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். படம் போட்டார்."

"என்ன படம்?"

"எல்லாத்துலயும் கேரவன்தான்."

"ரெஜ் ஃபோன் பண்ணினார், மேவிஸ்."

மேவிஸ் தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினாள். கைப்பையைத் திறந்து, சின்ன ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதைத்தானே தேடினீங்க?"

கோபமெல்லாம் காற்றுப் போன டயர் போலாகிவிட்டது. "உனக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத வருஷமே. வால்வை அடைச்சுட்டு மூடியைத் திருப்பி வைக்க மறந்துட்டீங்க. சரி, மனுஷன் ஓய்வெடுக்கட்டும்னு விட்டேன். நானும் அக்காவும் ஸ்கார்பரோ போக ஆரம்பிச்சோம். கடல் காத்து, வினிகர் தெளிச்சு சுடச்சுட மீன். சொர்க்கம்."

"அப்ப ஸ்பேனரை ஏன் எடுத்துட்டுப் போன?"

"நாள் முழுக்க வேலை, நாள் முழுக்க வேலைன்னு சொல்றீங்களே. ஒரு வருஷமாவது அது நெஜமா இருக்கட்டும்னுதான்."

கிளிஃபர்ட் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் மடக் என்றது. மேவிஸ் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை கடையிலேர்ந்து வந்தப்ப, குனிய முடியாம நீங்க தவிச்சதை ஜன்னல் வழியா பாத்தேன். மனசே கேக்கலைங்க. இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம், வருஷா வருஷம் நானே மூடிடறேன்."