இழைப்பு மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி பெரிய மச்சானுக்கு

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். எங்கள் இருவரின் கைவிரல்கள் இருபதும் நலம். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் காலையில் தேநீர் வாங்கும் சாக்கில் உங்கள் தங்கையின் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் செய்தித்தாளைப் பிரிக்கிறேன். தங்கள் முழங்கால் வலி, வீட்டாரின் சுகம், தங்கள் மருமகனின் வேலை மாற்றம் எல்லாவற்றையும் முறைப்படி விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

தாங்கள் பட்டறையை மூடியபோது, "தங்கச்சிக்கு ஒரு சின்ன பரிசு அனுப்புறேன் மாப்ளே" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நான் கடிகாரமாக இருக்கும் என்று நினைத்தேன். லாரி வந்து நின்றபோது எங்கள் முன்னறை ஜன்னல் கண்ணாடிகள் தடதடவென்று ஆடின. உங்கள் தங்கை கைகொட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அதுவரை அவள் பின்கட்டு அறையில் கையால் தள்ளுகிற இழைப்புளியை வைத்துக்கொண்டு ஒரு முக்காலி, ஒரு புத்தக அலமாரி என்று தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்தாள். நானும் நிம்மதியாக இருந்தேன். இழைப்புளி மிஞ்சிப்போனால் தோலைச் சீவும். தாங்கள் அனுப்பியதோ வார்ப்பிரும்பு இழைப்பு மிஷின். கரடுமுரடான பலகையை ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் வழவழவென்று வருமாம். உள்ளே சுழலும் உருளையில் மூன்று கத்திகள் இருக்கின்றன. பலகை எது, விரல் எது என்று பார்க்கிற வழக்கம் அவற்றுக்கு இல்லை.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவிலேயே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். அங்கு வருகிற எல்லா அறிக்கையும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தபோது." ஆகவே யாராவது எதையாவது வழக்கம்போலச் செய்தால் நான் உடனே அவர்கள் விரல்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். இது என் குற்றமில்லை, உத்தியோகம் கொடுத்த வியாதி.

இறக்குவதற்கு வந்த ஆட்களின் மேஸ்திரி, கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் எல்லாரையும் வாசலில் நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வீட்ல ரொம்ப பயப்படுற ஆளு யாரு?"

உங்கள் தங்கை என்னைக் காட்டினாள். வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மாவும் என்னைக் காட்டினார். அந்த அம்மாவுடன் நான் இதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

"அப்போ விசில் உங்களுக்குத்தான் சார்," என்று மேஸ்திரி என் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார். "தைரியமான ஆளுகிட்ட குடுத்தா லேட்டாத்தான் ஊதுவான். நீங்க ஊதினா நாங்க அப்படியே நின்னுருவோம். ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம். எங்க தொழில்ல இதுதான் வழக்கம்."

மச்சான், என் சொந்தத் தகுதிக்காக எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மிஷினை மரச்சட்டத்தில் ஏற்றி, அடியில் இரும்புக் குழாய்களை உருட்டிவிட்டுத் தள்ளினார்கள். பின்னால் விடுபடுகிற குழாயை ஒருவர் எடுத்து முன்னால் கொண்டுவந்து போடுவார். நான் கேட்டருகில் ஊதினேன். வாசற்படியில் ஊதினேன். எதிர்வீட்டுப் பூனை மதில்மேல் நடந்தபோது, அது குதித்தால் என்ன ஆகும் என்று யோசித்து ஊதினேன். ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை. கட்டுப்பாடு என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு. நடைவழிக்குள் நுழைந்தபோது ஓர் ஆளின் செருப்பு குழாய்க்கு அடியில் போவதுபோலத் தெரிந்தது. உயிரைக் கொடுத்து ஊதினேன். நின்றார்கள். போனது செருப்பின் நிழல்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள், நிற்கக்கூடாத இடத்தில் நின்ற மிஷின் தரைக் கல்லை உடைத்துக்கொண்டு அப்படியே கீழே அமுங்கிவிட்டது. தள்ளிப் பார்த்தார்கள், அது அசைவேனா என்றது. மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஜாக்கி கொண்டு வரணும். நாளைக்கு வர்றோம் சார்," என்று சொல்லி, விசிலை மறக்காமல் கழற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் நடைவழியின் அகலம் தங்களுக்குத் தெரியும். சமையலறையும் உங்கள் தங்கையும் அந்தப் பக்கம்; குளியலறையும் நானும் இந்தப் பக்கம். மிஷினின் மேஜைமேல் அவள் தட்டை வைத்துத் தள்ளுவாள், நான் வாங்கிக்கொள்வேன். "மேஜை எவ்ளோ சமமா இருக்கு பாத்தீங்களா? குழம்பு ஒரு சொட்டு சாயல," என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. அவள் குளியலறைக்குப் போக அதன்மேல் ஏறி இறங்கிய போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டேன். அறிக்கையின் முதல் வரி தானாக என் மனதில் ஓடியது.

மறுநாள் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின்கட்டு அறையில் ஒருவழியாக நிறுத்தினார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தங்கள் பட்டறைக் கொட்டகையில் நெடுநாள் சும்மா கிடந்த மிஷின் இல்லையா, உருளையைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. மெக்கானிக் வந்தார். திருப்புளியின் முனையை மிஷின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, உங்கள் தங்கையை உருளையைச் சுற்றச் சொல்லிக் கேட்டார்.

"உள்ள மணல் அரைக்கிற மாதிரி இருக்கும்மா. பேரிங் போச்சு."

உருளையின் தண்டைத் தாங்கிச் சுழலவிடுகிற இரும்பு வளையம்தான் பேரிங். பழையதைக் கழற்றிப் புதிதைப் போட வேண்டும். புதிய பேரிங்கை எண்ணெயில் போட்டுக் காய வைத்தால் அது கொஞ்சம் விரியுமாம். சூட்டோடு எடுத்துத் தண்டில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காருமாம். ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளுமாம். உங்கள் தங்கை யோசிக்கவே இல்லை. நல்ல வாணலியை அடுப்பில் வைத்து, எண்ணெயை ஊற்றி, பேரிங்கைப் போட்டுவிட்டுத் தண்டைத் துடைக்கப் போய்விட்டாள். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். எண்ணெய் புகைகிறது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல் திரை தொங்குகிறது. மச்சான், என் இடத்தில் தாங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அதைத்தான் நானும் செய்தேன். அடுப்பை அணைத்தேன். சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் தங்கையும் மெக்கானிக்கும் வந்து இடுக்கியால் பேரிங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது தண்டில் பாதி தூரம் போனது. அப்புறம் போகவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மெக்கானிக் மரச்சுத்தியலை எடுத்தார், வைத்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாதி சூட்லயே எடுத்திருக்கோம். யாரு அடுப்பை அணைச்சது?"

நான் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தப் பேரிங்கை இழுத்துக் கழற்றியதில் அது கெட்டுப்போனது, இன்னொன்று வாங்கிவந்தார்கள். இந்தத் தடவை எண்ணெய் காய்ந்தபோது மெக்கானிக் மிகவும் மரியாதையாக, "சார், வாசல்ல நின்னு கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்களேன்," என்றார். வாங்கினேன். பேரிங் வெண்ணெயில் விரலை விட்டதுபோல உள்ளே போனதாம்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை எழுதியதைப் படித்துத் தாங்கள் சிரித்திருக்கலாம். உருளையில் கத்திகளைப் பூட்டும் வேலையை உங்கள் தங்கை தானே செய்தாள். ஒவ்வொரு கத்திக்கும் வரிசையாக போல்ட்டுகள். ஸ்பானரை வைத்து ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டு வந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"எல்லாத்தையும் நல்லா முடுக்குறியா?"

"அதைத்தாங்க செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"ஒண்ணுகூட விடலையே?"

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்!"

அவள் அடுத்த கத்திக்குப் போனாள்.

மின்சாரம் கொடுத்தார்கள். மெக்கானிக் என்னைச் சுவரோரம் சிவப்புப் பட்டனிடம் நிறுத்தி, "மேஸ்திரி சொன்னாரு. நிறுத்துற வேலைக்கு நீங்கதான் சரியான ஆளுன்னு," என்றார். பச்சைப் பட்டனை அழுத்தினார். அறையே உறுமியது. உங்கள் தங்கை பலகையைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு நேரெதிரே போய் நின்றாள். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் எனக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டிக். அவ்வளவுதான். நகத்தால் தட்டுகிற மாதிரி. எனக்கு மெக்கானிக்கின் காது கிடையாது, பயப்படுகிறவனின் காதுதான். கை தானாக அழுத்திவிட்டது.

"என்னங்க, இப்பவுமா?" என்றாள்.

மெக்கானிக்கும் பெருமூச்சு விட்டார். ஆனாலும் உருளை முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, மெயினை அணைத்துவிட்டு உள்ளே பார்த்தார். பிறகு உங்கள் தங்கையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நடுக் கத்தியின் கடைசி இரண்டு போல்ட்டுகள் விரலால் திருப்பவே கழன்று வந்தன.

"இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா கத்தி வெளிய பறந்திருக்கும்மா. நேரா நீங்க நின்ன இடத்துக்கு," என்றார். பிறகு, "முடுக்கும்போது நடுவுல யாராச்சும் பேச்சு குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"யாரும் பேசல. நான்தான் மறந்துட்டேன்," என்று மெக்கானிக்கிடம் சொன்னாள். சொல்லிவிட்டுப் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் சிவப்புப் பட்டனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மச்சான், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மெக்கானிக் எல்லா போல்ட்டையும் முடுக்கி, சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொன்றிலும் குறி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார். மிஷினில் இப்போது ஒரு குறையும் இல்லை என்கிறார். இருக்கட்டும். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு விரல் கவலை மட்டும் இல்லை. உங்கள் தங்கை இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எனக்கு அவள் முழுசாக வேண்டும். ஆகையால் தாங்கள் தயவுசெய்து, வந்த லாரியையே திரும்ப அனுப்பி, இந்த மிஷினை எடுத்துக்கொள்ளும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நடைவழியில் இம்முறை நான் ஊத மாட்டேன் என்று உறுதியளிக்கிறேன். தங்கள் பரிசை மதிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த பரிசு கடிகாரமாக இருந்தால் மகிழ்ச்சி. சுவரில் மாட்டுவதென்றால் சிறியதாக.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் அன்பு. எல்லாரும் எல்லா உறுப்புகளோடும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். மறைத்து அனுப்பி மாட்டிக்கொள்ளும் தைரியமும் எனக்கு இல்லை. பெரிய சண்டை வரும் என்று பதில்களையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். "சரிங்க, அனுப்பிடுங்க," என்றாள். எழுந்துபோய் ஒரு பழைய போர்வையால் மிஷினை மூடி, ஓரங்களை உள்ளே செருகிவிட்டு வந்தாள். அவ்வளவுதான். மச்சான், கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் தங்கை என் பேச்சுக்குச் சரி சொன்னதில்லை. நான் சோதித்துப் பார்த்தேன். குழம்பில் உப்பு அதிகம் என்றேன், சரி என்றாள். ஜன்னலைச் சாத்தட்டுமா என்றேன், சரி என்றாள். உன் அண்ணனுக்குக் கொஞ்சம் புத்தி கம்மி என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், மன்னிக்கவும், அதற்கும் சரி. யாரை முழுசாகக் காப்பாற்ற வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டேனோ, அந்த ஆளையே வீட்டில் காணோம்.

ஆகையால் லாரி அனுப்ப வேண்டாம். போர்வையை நானே போய் உருவிவிட்டேன். அவள் கதவருகில் நின்று பார்த்தாள். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து, "வாயை மட்டும் திறக்காதீங்க. போய் அந்தப் பட்டன்கிட்ட நில்லுங்க," என்று ஒரு அதட்டல் போட்டாள். அப்பாடா என்றிருந்தது. நிற்கிறேன். இடது கை பட்டன்மேல் இருக்கிறது. வலது கையால் சுவரில் தாளை வைத்து இதை எழுதுகிறேன். கடைசி வரிகள் கோணல்மாணலாக இருந்தால், மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளவும்.