மைக்செட் அண்ணாச்சி வீட்டு சிங்கப்பூர் விமானம்

மைக் இல்லாமல் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கிற தொண்டை சங்கரன்கோவிலில் ஒரே ஒருவருக்குத்தான். அவரிடமே மைக்கும் இருந்தது எங்கள் தெருவின் தலையெழுத்து.

வேலை மாற்றலாகி நான் குடிபோன வீட்டுக்கு எதிர்வீடு மைக்செட் அண்ணாச்சி. கரிவலம்வந்தநல்லூர் கல்யாணம் ஒன்றில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து, "மாப்பிள்ளை செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போனவுக உடனே வரவும்" என்று அறிவித்து, பந்தலில் இருந்தவர்களையெல்லாம் குனிந்து காலைப் பார்க்க வைத்தவர்.

சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். அண்ணாச்சியின் மனைவி தனியாகக் கிளம்ப வேண்டியிருந்தது. நாங்கள் அவரை மதினி என்போம். கம்பத்தின் உச்சியில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற அண்ணாச்சிக்கு விமானம் என்றால் உதறல்.

டிக்கெட்டோடு என்னிடம் வந்தார்.

"மெட்ராஸ்ல இருந்து சிங்கப்பூர் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டராம். நாலு மணி நேரம்னு மருமவன் சொல்லுதான். இங்க பாரும் வே, காலையில பத்துக்குக் கிளம்பி சாயங்காலம் நாலரைக்குப் போய்ச் சேருதாம். மிச்ச ரெண்டரை மணி நேரம் எங்கன நிக்கும்?"

"எங்கயும் நிக்காது அண்ணாச்சி. அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முந்தி ஓடும்."

"டீக்கு நிறுத்த மாட்டானே?"

"கடல் மேல ஏது டீக்கடை?"

விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்பை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். பலனைத் தெருவே அனுபவித்தது. மதினி பறந்த அன்று காலை அண்ணாச்சி வீட்டு மாடிக் குழாய் முழங்கியது.

"பெரியோர்களே, தாய்மார்களே! எங்க வீட்டுக்காரி ஏறுன பிளைட் மேல எழும்பிட்டு! ஏ, கடல் மேல போயிட்டு!"

காய்கறி வண்டி நின்றது. சவாரிக்குப் போன ஆட்டோ திரும்பி வந்து, "இப்ப எங்கன போகுது அண்ணாச்சி?" என்றது. வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்குக் கிளம்பியவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள், தலைக்கு மேலேயே பறக்கிற மாதிரி.

திடீரென்று குழாய் அடங்கியது. அந்த அமைதிதான் எங்களைப் பயமுறுத்தியது. மாடிக்கு ஓடினேன்.

"காணோம் வே. நடுக்கடல்ல இருந்துச்சு. பிளைட்டு படத்தையே காணோம்."

"கடல்ல சிக்னல் எட்டாது அண்ணாச்சி. கொஞ்சத்துல தெரியும்."

"ராஜபாளையத்துக்குக்கூட நான் இல்லாம போனவ இல்ல வே. கூடப் போயிருக்கணும்." கீழே யாரோ கோயில் பக்கம் திரும்பி, "கோமதித் தாயே" என்றார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

போனில், மலேசியா ஓரமாக அந்த மஞ்சள் விமானப் படம் மறுபடி முளைத்தது.

"வந்துட்டா! ஏலே, வந்துட்டா!" மைக் அலறியது. தெருவில் விசில் பறந்தது. அது தரை தொடுகிறவரை ஒருவரும் அசையவில்லை.

பிறகு மதினியின் போன். பதற்றத்தில் அண்ணாச்சி அதை மைக் பக்கத்திலேயே பிடித்துவிட்டார். சிங்கப்பூரில் இருந்து வந்த குரல் எங்கள் தெருவெங்கும் ஒலித்தது.

"ஏங்க, நல்லபடியா இறங்கிட்டேன். நீங்க சாப்பிட்டியளா?"

ஊரையே எழுப்புகிற தொண்டை தணிந்தது. "இல்லட்டி" என்றார், மெதுவாக.

"அண்ணாச்சி, இங்கன வாங்க, இலை போட்டாச்சு!" என்று நாலு வீட்டில் இருந்து ஒரே நேரத்தில் குரல் எழுந்தது. எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது, மைக் பக்கத்தில் நின்ற என் குரல்தான்.