காக்கிநாடா கப்பலில் மாப்பிள்ளை பார்த்த விவரம்

வெள்ளகோவில்

மதிப்பிற்குரிய மச்சான் சுப்பண்ணன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் கதிர்வேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் மகள் பிரவீனாவும் நலம். கோபியில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீங்களே பேசிவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

பிரவீனாவுக்கு நீங்கள் சொன்ன வரன் கிருபாசங்கரைப் பார்க்கக் காக்கிநாடா துறைமுகத்துக்கே போய்விட்டேன். ஜாதகம் பொருந்தினாலும், கப்பலில் அவருக்கு என்னதான் வேலை என்று எனக்கு விளங்கவில்லை. கடலுக்குள் எண்ணெய்க்குத் துளை போடும் மேடைக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலாம். நம் போர்வெல் வண்டிக்குப் பின்னாலேயே குழாய், டீசல், ஆட்களுக்கு அரிசி பருப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு சப்போர்ட் லாரி போகுமே, அதேதான் என்று தெரிந்ததும் சந்தோஷம் தாங்காமல், பாஸ் வாங்கி, அளவு சேராத பூட்ஸும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு வேட்டியோடு ஏறியவன், மாப்பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கப்பலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தொட்டியில் என்ன என்றேன், குடிதண்ணீர் என்றார் மாப்பிள்ளை. அடுத்ததில் சேறு என்றார். கடலில் போய்ச் சேறு விற்கிறீர்களா என்று கேட்டேன். துளைக்குள் விட்டுக் கல்லையும் மண்ணையும் மேலே கொண்டுவருவதற்கென்றே கலக்கிய சேறாம். சிமெண்டைக் குழாய் வழியே காற்றடித்து மேடைக்கு ஏற்றுகிறார்கள். அதைவிட அதிசயம், மேடைக்குப் பக்கத்தில் நங்கூரமோ கயிறோ இல்லாமல் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்குமாம். அடியில் இருக்கும் விசிறிகளைக் கம்ப்யூட்டரே திருப்பிக்கொள்ளுமாம்.

“கரண்ட் போச்சுன்னா?” என்றேன்.

“இன்னொரு ஜெனரேட்டர் இருக்குதுங்க மாமா.”

“அதும் போச்சுன்னா?”

“அப்படி ஆகறதுக்கு முன்னயே வெலகி வந்துருவோமுங்க.”

பொறுமையான பையன், குறை சொல்ல முடியாது. அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். கேள்வி வரவில்லை, காலையில் தின்ற பெசரட்டு வந்தது. கப்பல் கரையில் கட்டித்தான் இருந்தது மச்சான், லேசாக ஆடியதற்கே அப்படி. வாளி பிடித்தது அவர், முதுகைத் தடவிவிட்டது அவர், என் வேட்டியை அலசிப் போட்டதும் அவர். அவருடைய பேண்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஆகையால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பவருக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். வாளி விஷயம் நம்மோடு இருக்கட்டும். அந்த வாளியைப் பிடித்த கையில் நான் எப்படிங்க பெண்ணைப் பிடித்துக் கொடுப்பேன்?

அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் வாழைத் தோட்டம் எந்தக் காற்றுக்கும் சாயாமல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
கதிர்வேல்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பிரவீனா இதைப் படித்துவிட்டாள். “கப்பல்ல ஒரு தொட்டி உடாம என்ன இருக்குதுன்னு கேட்டீங்க. எனக்குப் புடிச்சிருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாங்கப்பா?” என்றாள். கேட்டேன். பிடித்திருக்கிறதாம். தினமும் போனில் பேசிக்கொள்கிறார்களாம். வாளியைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை, நான் எழுதியதைப் படித்துத்தான் இவளுக்கே தெரிந்திருக்கிறது. ஆகவே மேலே உள்ளதை விட்டுவிட்டு முகூர்த்தத்துக்கு நாள் பாருங்கள். அப்படியே மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: கடலுக்குள் போட்ட துளையில் தண்ணீர் வந்தால் நம்மைப் போலத் தேங்காய் உடைப்பார்களா, தலையில் கை வைத்துக்கொள்வார்களா?