ஒரே மெஷின், ரெண்டு வேலை

விளக்குபவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்த்ததும் எதிர்ப்பக்கம் நடந்திருப்பீர்கள். மிக்ஸி ஏன் சூடாகிறது என்று கேட்டால், மின்சாரம் கண்டுபிடித்த நாளிலிருந்து தொடங்குவார்கள். கேட்காவிட்டாலும் தொடங்குவார்கள்.

ஓடைப்பட்டி ராஜபாண்டி இதில் முதல் தரம். திராட்சைத் தோட்டக்காரர். நூறு வயதுக் கார் ஒன்றை வாங்கியதிலிருந்து ஊரில் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"இதுல ஸ்டார்ட்டர் தனி, டைனமோ தனின்னு கெடையாது. ஒரே மெஷின். பேட்டரி கரண்ட்டு குடுத்தா அது எஞ்சினைச் சுத்திவிடும். எஞ்சின் ஓட ஆரம்பிச்சா, அதே மெஷின் கரண்ட்டு எடுத்து பேட்டரிக்கு அனுப்பும். ஆனா மெதுவாப் போனா சார்ஜ் ஏறாது."

தங்கை ஜோதிலட்சுமியின் மகள் அபிதாவுக்குக் கல்யாணம். மணப்பெண் இந்தக் காரில்தான் போக வேண்டும் என்றார். தாய்மாமன் சொல்லை யார் மறுப்பது? ஏழரைக்கு முகூர்த்தம். ஆறரைக்குக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளம் முன்னே நடக்க, காலை வெயிலில் முகப்பு விளக்குகள் எரிய, ஹாரன் அலற, பெண்ணைச் சுமந்த கார் மேளக்காரர் நடை வேகத்தில் ஊர்ந்தது. பாதி வழியில் மாப்பிள்ளையின் சித்தப்பா கருத்தக்கண்ணன், "இது எப்படி ஓடுது?" என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

கேட்கலாமா?

ராஜபாண்டி எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். பானெட்டைத் திறந்தார். இருபது நிமிடம் விளக்கினார். விளக்குகளை அணைக்கவில்லை. திரும்பி வந்து ஸ்டார்ட்டரை அழுத்தியபோது மெஷின் ஒருமுறை முனகியது, அவ்வளவுதான். எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கம்பியோ வீட்டில் இருந்தது. அதை உடன் கொண்டுவருவது மெஷினுக்கு அவமரியாதையாம். மேளக்காரர்கள் தள்ளிப் பார்த்தார்கள். மேட்டில் வண்டி அசையவில்லை. மணி ஏழு பத்து.

"மாமா, மெதுவாப் போனா சார்ஜ் ஏறாதுன்னு நீங்கதான சொன்னீக?" என்றாள் அபிதா.

"ஆமா ஆத்தா. வேகம் இல்லாட்டி விளக்கு, ஹாரன் எல்லாம் பேட்டரியத்தான் குடிக்கும்." கேள்வி கிடைத்ததில் அவர் முகம் மலர்ந்தது.

"தெரிஞ்சுமா எஞ்சின ஆஃப் பண்ணுனீக?"

ராஜபாண்டி போய் முகப்பு விளக்குகளை அணைத்தார்.

அபிதா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்து இறங்கி, வாழைத்தார் ஏற்றி வந்த மினி லாரியை நிறுத்தி, அம்மாவுடன் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். தாலி நேரத்துக்கு ஏறியது. தாய்மாமன் அப்போது ரோட்டில் காருக்குக் காவல் நின்றார்.

பந்தியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர் அருகில் அபிதா வந்து நின்றாள். "சாப்பிடுங்க மாமா. எனக்கு வருத்தமில்ல." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ ஏறி வந்த லாரி இருக்குல்ல, அதுல ஸ்டார்ட்டர் தனி ஆத்தா..."

சிரித்தீர்களா? நல்லது. ஆனால், பேட்டரிக்கும் மெஷினுக்கும் நடுவே கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கக் கட்-அவுட் என்று ஒன்று உண்டே, அதை இந்தக் கதைக்காரன் சொல்லவேயில்லையே என்று உங்கள் வாய் துறுதுறுத்தால், பக்கத்தில் இருப்பவர் நழுவிப் போகச் செருப்பைத் தேடுகிறாரா என்று பாருங்கள்.