பிள்ளையாருக்கு ஒரு பரிசோதனை

இரண்டு வெற்றிலைச் சுருளிலும் செவ்வரளிதான் இருந்தது. வெள்ளைப் பூ வந்தால் கலியாணம். சிவப்பு வந்தால் இல்லை. ஆகவே கலியாணம் நடக்காது என்பது வெள்ளவத்தைப் பௌதிக ரியூசன் மாஸ்டர் நாகேந்திரத்துக்குக் கோயிலுக்குப் புறப்படும் முன்பே தெரியும்.

கடவுள் இல்லை என்று காலமெல்லாம் வாதாடியவர் அவர். ஆனால் ஒரே மகள் உஷாந்தியை ஒஸ்லோ மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இந்த ஃபிளாட்டில் எப்படி இருப்பது? அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. பூ வைத்துப் பார்ப்போம் என்று மனைவி நேசமலர் சொன்னதும் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் சாமியை நம்பமாட்டியளே?"

"ஆதாரம் காட்டினால் நம்புவன். அதுதான் பகுத்தறிவு."

"சாமி என்ன சொன்னாலும் எனக்குச் சரி அப்பா" என்றாள் உஷாந்தி, வாயில்லாப் பூச்சியாக.

கோயில் வாசலில் சுருள்கள் இருந்த தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டு உள்ளே போனார். பூசை முடிந்து ஐயர் ஒரு சுருளை எடுத்துப் பிரித்தார்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று சிரித்தது.

நாகேந்திரத்துக்குக் காது அடைத்தது. நான் வைக்கவே இல்லையே என்று கத்தவும் வழியில்லை.

"ஒருக்காச் செய்து முடிவெடுக்கிறது விஞ்ஞானமில்லை, ஐயா. வாற வெள்ளியும் வைப்பம்."

"பிள்ளையாரைச் சோதிக்கப் போறியளோ?" என்று சிரித்தார் ஐயர்.

அடுத்த வெள்ளி, கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு சிவப்பை அவரே சுருட்டினார். வாசலில் மறுபடி மகள் கையில் தட்டு, மறுபடி சட்டை, மறுபடி பூசை.

மறுபடி வெள்ளை.

கற்பூரப் புகை மெதுவாக மேலே போனது. கடலோர ரயிலின் சத்தம் எங்கோ வேறு உலகத்தில் கேட்டது. தரையில் கால் படாததுபோல இருந்தது அவருக்கு. தீப வெளிச்சத்தில் பிள்ளையார் தும்பிக்கையை அசைத்ததுபோலவும் இருந்தது. இல்லாத பூவை உண்டாக்கியவர் இல்லாதவராக இருக்கமுடியாது. ஆதாரம் வந்தபின் நம்பாமல் இருப்பதுதான் மூடநம்பிக்கை.

காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார்.

"கலியாணத்துக்கு நாள் வையுங்கோ" என்றார், கண்ணீரோடு. நேசமலரும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இவளுக்குத்தான் எவ்வளவு பக்தி என்று உருகிப்போனார்.

மறுநாள் நேர்த்திக்கடனுக்கு மாலை வாங்க, கோயிலடிப் பூக்கடைக்குத் தனியே போனார். கண் மூடினால் இன்னமும் அந்தப் புகைக்குள்ளேயே மிதந்தார். பூக்கார அக்கா மாலையைச் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ, மாஸ்டர். ரெண்டு வெள்ளியும் நீங்கள் வந்து ரெண்டு சிவப்பு வாங்கினியள். பின்னால உங்கட மனிசி வந்து ரெண்டு சிவப்பு வாங்கினவ. அதுக்குப் பிறகு பிள்ளை ஓடிவந்து ரெண்டு வெள்ளை வாங்கினவ. உங்கட வீட்டில ஒருத்தருக்கும் பிள்ளையாரில நம்பிக்கை இல்லையோ?"